வென்டிலேட்டர் எத்தனை என்று மட்டும் கேட்ட காலம்

பெங்களூருவின் பீன்யா தொழிற்பேட்டையில் தகடு வெட்டும் பட்டறைக்குள் நுழைந்தால், மூலையில் சங்கிலி போட்டுக் கட்டிய கறுப்பு ஜம்போ சிலிண்டர் ஒன்று கண்ணில் படும். ஏறக்குறைய ஆளுயரம். உள்ளே ஏழு கன மீட்டர், அதாவது 7,000 லிட்டர் ஆக்சிஜன். அதே அளவு சிலிண்டரை மருத்துவமனையில் ஒரு நோயாளிக்கு முகமூடி வழியே நிமிடத்துக்கு 5 லிட்டர் வீதம் கொடுத்தால் 23 மணி நேரம் வரும். ‘ஹை ஃப்ளோ’ என்று சொல்லப்படும் கருவியில் மாட்டி, நிமிடத்துக்கு 60 லிட்டர் முழு ஆக்சிஜனாகத் திறந்துவிட்டால் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது.

கோவிட் காலத்தில் தீவிர நோயாளிகளை எப்படிக் காப்பாற்றுவது என்று நடந்த வாதங்களில் பாதிக்கு மேல் இந்தக் கணக்கில்தான் போய் முட்டின. ஆனால் முதல் ஆண்டு முழுக்க யாரும் சிலிண்டரைப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் வென்டிலேட்டர் மேல் இருந்தது.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது பெங்களூருவின் இந்தத் தொழிற்பேட்டை ஓய்ந்து கிடந்தது. அப்போது நாடெங்கும் எழுந்த ஒரே கேள்வி, “நம்மிடம் வென்டிலேட்டர் எத்தனை?” என்பதுதான். பொறியாளர்களுக்கு மிகவும் பிடித்த வகைக் கேள்வி அது. எண்ணிக்கை குறைவா, செய்துவிடலாம். பீன்யாவில் இருக்கும் டைனமேட்டிக் டெக்னாலஜீஸ் நிறுவனம், மின்சாரமே வேண்டாத, 2,500 ரூபாயில் முடியும் சுவாசக் கருவி ஒன்றை வடிவமைத்திருப்பதாக அறிவித்தது. அடுத்திருக்கும் ஜாலஹள்ளியில், ரேடார் செய்து பழகிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்துக்கு 30,000 ஐசியு வென்டிலேட்டர்களுக்கான ஆர்டர் வந்தது. மைசூருவின் ஸ்கான்ரே நிறுவனம் வடிவமைத்த ‘சிவி 200’ கருவிதான் அடிப்படை. வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த நுண்ணிய வால்வுகளும் சென்சார்களும் நின்றுபோக, பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ துணையோடு அவற்றை இங்கேயே செய்ய வேண்டியதாயிற்று. சில மாதங்களில் 30,000 கருவிகளும் தயாராகின. சாதனைதான், சந்தேகமில்லை.

ஆனால் வென்டிலேட்டர் நோயைக் குணப்படுத்தும் கருவி அல்ல. களைத்துப்போன சுவாசத் தசைகளின் வேலையைத் தான் எடுத்துக்கொண்டு, நுரையீரல் தானாகத் தேறுவதற்கு அவகாசம் வாங்கித் தருகிறது. அவ்வளவே. அந்த அவகாசத்துக்கு விலை உண்டு. மூச்சுக்குழாய்க்குள் குழாய் செருக வேண்டும், நோயாளியை மயக்கத்தில் வைக்க வேண்டும், நாள்கள் கூடக்கூடத் தசைகள் மெலியும், புதுத் தொற்றும் வரலாம். காற்றை அதிக அளவில் அழுத்தினால் நுரையீரலே புண்ணாகும். இது கோவிட்டுக்கு முன்பே தெரிந்த செய்தி. 2000-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், ஒரு மூச்சுக்கு உடல் எடைக் கணக்கில் கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் காற்று கொடுத்தவர்களில் 39.8 சதவீதம் பேர் இறந்தனர். அதை 6 மில்லிலிட்டராகக் குறைத்தபோது இறப்பு 31 சதவீதமானது. கருவி அதேதான். திருகிய அளவில்தான் வேறுபாடு.

எப்போது குழாய் செருகுவது? 2020-ல் மருத்துவ உலகம் இரண்டுபட்டது இந்தக் கேள்வியில்தான்.

வந்த நோயாளிகள் பாடப் புத்தகத்தோடு பொருந்தவில்லை. பல்ஸ் ஆக்சிமீட்டரில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவான சாச்சுரேஷன் 75 காட்டும், ஆளோ கட்டிலில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருப்பார். மூச்சு முட்டுகிறது என்ற உணர்வைப் பெரும்பாலும் கிளப்புவது ஆக்சிஜன் குறைவு அல்ல, ரத்தத்தில் கரியமில வாயு கூடுவதுதான். கோவிட் நோயின் தொடக்க நாள்களில் கரியமில வாயு ஒழுங்காக வெளியேறிவிடுவதால் உடம்பு எச்சரிக்கை மணி அடிப்பதில்லை. இத்தாலிய ஐசியு மருத்துவரான லூசியானோ கட்டினோனி, இது வழக்கமான நுரையீரல் செயலிழப்பு அல்ல, எல்லோருக்கும் ஒரே மாதிரி அழுத்தம் கொடுக்காதீர்கள் என்று எழுதினார். நியூயார்க் மருத்துவர் ஒருவர், மலை உச்சியில் இறக்கிவிடப்பட்டவர்களைப் போல நோயாளிகள் இருக்கிறார்கள், வென்டிலேட்டரே அவர்களைக் கெடுக்கிறதோ என்று காணொளியில் கேட்க, அது உலகம் சுற்றியது. எதிர்த் தரப்பும் சும்மா இல்லை. காத்திருந்தால் நோயாளி தானே பலமாக மூச்சிழுத்து நுரையீரலைப் புண்ணாக்கிக்கொள்வார், முன்கூட்டியே குழாய் போடுங்கள் என்றது. குழாய் போடாமல் ஆக்சிஜனை வேகமாகச் செலுத்தினால் கிருமி அறையெங்கும் பரவும் என்ற பயமும் அந்தப் பக்கம் சேர்ந்துகொண்டது.

இந்த நேரத்தில்தான் ‘88 சதவீதம்’ வந்து விழுந்தது. 2020 ஏப்ரலில் நியூயார்க் வட்டாரத்து மருத்துவமனைகளின் 5,700 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு வெளியானது. வென்டிலேட்டரில் வைக்கப்பட்டவர்களில் 88 சதவீதம் பேர் இறந்ததாகச் செய்தி பறந்தது. உண்மையில் வென்டிலேட்டரில் வைக்கப்பட்டவர்கள் 1,151 பேர். அவர்களில் 282 பேர் இறந்திருந்தனர், 38 பேர் வீடு திரும்பியிருந்தனர். மீதி 831 பேர் இன்னும் மருத்துவமனையிலேயே இருந்தார்கள். முடிவு தெரிந்த 320 பேரை மட்டும் வைத்து வகுத்தால் 88 வரும். எல்லோரையும் சேர்த்தால் அன்றைய தேதிக்கு இறந்தவர்கள் 24.5 சதவீதம். ஐசியுவில் இறப்பு சீக்கிரம் வரும், பிழைப்பதற்கு வாரக்கணக்கில் ஆகும். பந்தயம் பாதியில் இருக்கும்போதே விழுந்தவர்களை மட்டும் எண்ணிய கணக்கு இது. ஆய்விதழ் பின்னர் திருத்தம் போட்டது. ஆனால் “வென்டிலேட்டர்ல வெச்சா திரும்ப மாட்டாங்க” என்ற பேச்சு அதற்குள் நம் டீக்கடைகள் வரை வந்துவிட்டது. 2020 ஆகஸ்டு 5-ல் கோவிட்டோடு சென்னை மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட பாடகர் எஸ்.பி.பாலசுப்ரமணியம் செப்டம்பர் 25-ல் மறைந்தது வரையிலான வாரங்களில், உடலுக்கு வெளியே ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் ‘எக்மோ’ கருவியின் பெயரையும் தமிழ்நாடு முழுவதும் கற்றுக்கொண்டது. பயமும் அதோடு கூடியது.

சீக்கிரமா, தாமதமா என்ற சண்டைக்கு 2021-ல் ஓரளவு விடை கிடைத்தது. 12 ஆய்வுகள், 8,944 நோயாளிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த பகுப்பாய்வில், ஐசியுவுக்கு வந்த 24 மணி நேரத்துக்குள் குழாய் போட்டவர்களுக்கும் பின்னால் போட்டவர்களுக்கும் இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. இரு தரப்பும் மேடையில் கத்திய அளவுக்கு இதில் விஷயம் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். எவரையும் கடிகாரம் பார்த்து வென்டிலேட்டரில் ஏற்ற வேண்டியதில்லை. கவனித்துக் காத்திருக்கலாம். கவனிக்க ஆள் இருந்தால்.

உண்மையில் உயிர் காத்தவை பகட்டில்லாத வழிகள். அறுபது ஆண்டுப் பழைய, சில ரூபாய் விலையுள்ள டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜனில் இருந்தவர்களின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்ததை 2020 ஜூனில் பிரிட்டனின் ‘ரெகவரி’ ஆய்வு காட்டியது. வென்டிலேட்டரில் இருப்பவரைக் குப்புறப் படுக்கவைத்தால் பலன் உண்டு என்பது 2013-லேயே பிரெஞ்சு ஆய்வில் தெரிந்திருந்தது. 28 நாள் இறப்பு 32.8 சதவீதத்திலிருந்து 16 ஆக இறங்கியது. விழித்திருக்கும் கோவிட் நோயாளிகளையும் அப்படிப் படுக்கவைத்து 1,100-க்கும் மேற்பட்டோரிடம் சோதித்ததில், நிலை மோசமாகிக் குழாய் தேவைப்படுவதோ இறப்பதோ 46-லிருந்து 40 சதவீதமானது. இதற்குக் கருவி வேண்டாம். ஆனால் மயக்கத்தில் இருப்பவரைக் குழாய்கள் கழன்றுவிடாமல் புரட்ட நான்கைந்து பேர் வேண்டும்.

ஐசியு என்ற ஏற்பாடே கைகளில் பிறந்ததுதான். 1952-ல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, பிளெக்டாம் மருத்துவமனையில் அன்றைய சுவாசக் கருவிகளை நம்பி வைத்த முதல் 31 நோயாளிகளில் 27 பேர் இறந்தனர். மயக்க மருந்து நிபுணர் பியோர்ன் இப்சன், 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டு ரப்பர் பையை அமுக்கிக் காற்று செலுத்திக் காட்டினார். அதன்பின் சுமார் 1,500 மருத்துவ, பல் மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும், கையாலேயே பை அமுக்கினார்கள். இறப்பு சரசரவென்று இறங்கியது.

2021 ஏப்ரலில் இரண்டாம் அலை பெங்களூருவில் ஒரே நாளில் 20,000 தொற்றுகளைத் தாண்டியபோது, கேள்வி சிலிண்டருக்குத் திரும்பியது. ஏப்ரல் 22 முதல் ஒன்பது துறைகள் தவிர மற்ற தொழில்களுக்கு ஆக்சிஜன் கொடுக்க மத்திய அரசு தடை போட, காஸ் கட்டிங்கை நம்பிய பட்டறைகள் நின்றன. மருத்துவ ஆக்சிஜன் சிலிண்டருக்குக் கறுப்பு உடம்பும் வெள்ளைத் தோளும் அடையாளம். தொழிற்சாலை சிலிண்டர் முழுக் கறுப்பு. அந்த வாரங்களில் அடையாளம் பார்க்க யாருக்கும் நேரமில்லை. நைட்ரஜன், ஆர்கான் சிலிண்டர்களைக்கூடச் சுத்தப்படுத்தி ஆக்சிஜன் நிரப்ப அனுமதி கிடைத்தது. வால்வில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்தால் உயர் அழுத்த ஆக்சிஜனில் தீப்பிடிக்கும் என்பதால் சுத்தப்படுத்துவதே தனி வேலை. பின்னர் கறுப்புப் பூஞ்சை பரவியபோது பழி தொழிற்சாலை ஆக்சிஜன் மேலும் விழுந்தது. ஆய்வுகளோ, கட்டுப்படாத சர்க்கரையையும் அளவில்லாமல் கொடுத்த ஸ்டீராய்டையும்தான் வலுவாகச் சுட்டின. உயிர் காத்த அதே மருந்து, தேவைப்படாதவருக்கும் அளவு மீறியும் போனால் இப்படித்தான்.

மே 2 இரவு, சாமராஜநகர் மாவட்ட மருத்துவமனையில் ஆக்சிஜன் தீர்ந்தது. மறுநாளுக்குள் 24 நோயாளிகள் இறந்தனர். ஆக்சிஜன் இல்லாமல் இறந்தவர்கள் மூன்று பேர்தான் என்றது அரசுத் தரப்பு. உயர் நீதிமன்றம் அமைத்த குழு அதை ஏற்கவில்லை. மே 5-ல் கர்நாடக உயர் நீதிமன்றம், மாநிலத்துக்கு நாளொன்றுக்கு 1,200 டன் ஆக்சிஜன் ஒதுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. மத்திய அரசு மேல்முறையீடு செய்தும் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. ஒரு டன் என்பது கிட்டத்தட்ட நூறு ஜம்போ சிலிண்டர்.

ஹை ஃப்ளோ மீதான வாதம் சூடானது அப்போதுதான். ஒருவருக்கு 60 லிட்டர் போகிற இடத்தில் முகமூடியில் பன்னிரண்டு பேருக்குக் கொடுக்கலாமே என்பது ஒரு பக்கம். அந்த ஒருவருக்குக் குழாய் போடாமல் தப்பிக்க அதுதானே வழி என்பது மறுபக்கம். ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. கொலம்பியாவில் நடந்த ஆய்வில் ஹை ஃப்ளோ குழாய் போடும் தேவையைக் குறைத்தது. பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வில் சாதாரண ஆக்சிஜனைவிட அதனால் கூடுதல் பலன் தெரியவில்லை. அழுத்தத்தோடு காற்று தரும் ‘சிபாப்’ முகமூடிதான் பலன் தந்தது. ஆக்சிஜன் தட்டுப்பாடான ஊரில் எதை முதலில் எடுக்க வேண்டும் என்பதற்கு இது போதுமான குறிப்பு.

யாருக்குப் படுக்கை என்ற கேள்வியை இத்தாலிய மருத்துவர்கள் 2020 மார்ச்சிலேயே எழுத்தில் வைத்தார்கள். வயது வரம்பு வரை பேசியதால் கடும் கண்டனமும் வாங்கினார்கள். பெங்களூருவில் அந்தக் கேள்வி ‘பியு நம்பர்’ என்ற வடிவில் வந்தது. பரிசோதனை முடிவோடு அந்த எண் வந்தால்தான் மாநகராட்சியின் வார் ரூமில் படுக்கை கேட்கலாம். சாச்சுரேஷன் எண்பதுக்குக் கீழே போன அப்பாவை ஆட்டோவில் வைத்துக்கொண்டு மகன் எண்ணுக்காகக் காத்திருப்பது மருத்துவ முடிவு அல்ல. ஆனாலும் யார் பிழைப்பது என்பதை அது தீர்மானித்தது. 2021 மே மாதம் படுக்கை ஒதுக்கீட்டில் முறைகேடு என்ற புகார் வெடித்தபோதாவது எந்த அளவுகோலில் ஒதுக்கினார்கள் என்று பேசியிருக்கலாம். வார் ரூமின் முஸ்லிம் ஊழியர்களின் பெயர்களை ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் வாசிக்கப்போய், பேச்சு மதத்தின் பக்கம் திரும்பிவிட்டது.

தேஜஸ் போர் விமானத்தில் விமானிக்கு ஆக்சிஜன் தயாரித்துத் தரும் தொழில்நுட்பம், டிஆர்டிஓவின் பெங்களூரு ஆய்வகத்தில் உருவானது. ஆக்சிஜன் தட்டுப்பாட்டைத் தீர்க்க, அதைக் கொண்டு நிமிடத்துக்கு 1,000 லிட்டர் தரும் மருத்துவ ஆலைகளை அமைக்க முடிவாயிற்று. பெங்களூருவின் டாடா அட்வான்ஸ்டு சிஸ்டம்ஸுக்கு 332, கோவையின் டிரைடென்ட் நியூமாட்டிக்ஸுக்கு 48 ஆலைகள். ஓர் ஆலை 190 நோயாளிகளுக்குப் போதும் என்று அறிவித்தார்கள். ஆளுக்கு 5 லிட்டர் என்றால் சரி. எல்லோருக்கும் ஹை ஃப்ளோவை முழுவதும் திறந்தால் 16 பேருக்குத்தான் வரும்.

அவசரமாகச் செய்த வென்டிலேட்டர்களின் கதை என்னவாயிற்று? பல ஊர்களில் அவை உறை பிரிக்காமல் கிடப்பதாகவும் பஞ்சாபின் ஃபரீத்கோட் போன்ற இடங்களில் பழுதாகிவிட்டதாகவும் புகார்கள் வர, 2021 மே 15-ல் அவற்றின் நிலையை உடனே தணிக்கை செய்யும்படி பிரதமரே உத்தரவிட வேண்டியதாயிற்று. ஜாலஹள்ளியில் சில மாதங்களில் 30,000 கருவிகள் செய்ய முடிந்தது. ஓர் ஐசியு செவிலியரை அந்த வேகத்தில் செய்ய முடியாது.

ஆகவே வாசகர்கள் ஒன்று செய்யலாம். உங்கள் மாவட்ட மருத்துவமனையில் வென்டிலேட்டர் எத்தனை என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அங்குள்ள ஆக்சிஜன் ஆலை கடைசியாக எந்தத் தேதியில் ஓடியது, இரவுப் பணியில் எத்தனை படுக்கைக்கு ஒரு செவிலியர், குழாய் போட்ட நோயாளியைப் புரட்டத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய்தான்.