நட்சத்திர இரவில் பஸ்ஸுக்குள் மழை

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய அக்கா மகன் அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்தில் இருக்கிறான். வாடகை கொடுத்து மாளவில்லை என்று ஏலத்தில் ஒரு பழைய ஸ்கூல் பஸ்ஸை எடுத்தான். சீட்டுகளைக் கழற்றி வீசிவிட்டு, கட்டில், அடுப்பு மேடை, சிங்க் எல்லாம் வைத்து, மனைவியோடும் ஒரு நாயோடும் அதிலேயே குடியேறிவிட்டான். கோடை சுகமாகக் கழிந்தது. டிசம்பரில் கூரை ஒழுக ஆரம்பித்தது. மேலே ஏறி எல்லா இணைப்புகளுக்கும் சீலன்ட் பூசினான், ஒழுகியது. இன்னொரு முறை பூசினான், அப்போதும் ஒழுகியது. வேடிக்கை என்னவென்றால், மேகமூட்டமான இரவுகளில் அவ்வளவாகத் தொந்தரவில்லை. வானம் துடைத்துவிட்டது போல் நட்சத்திரங்கள் தெரியும் இரவில்தான் தலையணை நனைகிறது. "ஓட்டையே இல்லாத கூரை எப்படி சார் ஒழுகும்?"

இப்படி வீடாக்கப்பட்ட பள்ளிப் பேருந்துக்கு அங்கே 'ஸ்கூலி' என்று செல்லப்பெயர். இணையத்தில் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. பாசி பிடித்த பஸ் பதினைந்து நிமிடத்தில் நட்சத்திர ஓட்டல் அறையாகிவிடும். பின்னணியில் கிட்டார், ஜன்னலுக்கு வெளியே மலை. ஜனவரி மாதம் காலை ஐந்து மணிக்கு எவரும் கேமராவைத் திறப்பதில்லை. சுதந்திரம் பற்றி நிறையப் பேசுகிறார்கள். ஈரம் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

வரலாறு எழுதாவிட்டால் கடிதம் வரும், ஆகவே ஒரு பத்தி. அமெரிக்கப் பள்ளிப் பேருந்துக்கு மஞ்சள் நிறமும் பொதுவான அளவுகளும் முடிவானது 1939இல், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் ஃபிராங்க் சைர் கூட்டிய மாநாட்டில். அதே 1939இல் தயாரான ஒரு பஸ்ஸில் படுக்கை போட்டு, கண்டபடி வண்ணம் அடித்து, 1964இல் நாவலாசிரியர் கென் கீஸியும் கூட்டாளிகளும் நாட்டைக் குறுக்கே கடந்தார்கள். 1970இல் ஸ்டீபன் காஸ்கினைப் பின்பற்றிய ஹிப்பிகள் சான்ஃபிரான்சிஸ்கோவிலிருந்து பஸ்களில் கிளம்பி, கடைசியில் டென்னஸியில் நிலம் வாங்கித் தங்கினார்கள். அதே காலத்தில், பள்ளிப் பேருந்து கட்டும் புளூ பேர்ட் நிறுவனமே அதே கூட்டில் பணக்காரர்களுக்கு 'வாண்டர்லாட்ஜ்' என்ற வீட்டு வண்டியை விற்கத் தொடங்கியிருந்தது. ஆக, இது இன்ஸ்டாகிராம் கண்டுபிடித்த விஷயம் அல்ல. வரலாறு போதும்.

மழைக்கு வருவோம். இட்லிப் பானையை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் நீர், நடுவில் இட்லி, மேலே உலோக மூடி. ஆவி மேலே போய், மூடியில் பட்டு, துளியாகி, இட்லி மேல் சொட்டுகிறது. மூடியில் ஓட்டை இருக்கிறதா என்று எந்தப் பாட்டியும் தேடியதில்லை. கொலராடோவில் பானை என்பது பஸ். மூடி, கூரை. இட்லிகள், கட்டிலில் படுத்திருக்கும் தம்பதி. ஆனால் பாவம், இங்கே அடியில் ஊற்றிய நீர் என்று தனியாக ஒன்றும் கிடையாது. இட்லிகளேதான் ஆவி விடுகின்றன.

எவ்வளவு? சும்மா படுத்திருக்கும் ஒருவரின் மூச்சிலும் தோலிலுமிருந்து மணிக்குச் சுமார் 40 கிராம் நீர் காற்றில் கலக்கிறது. இரண்டு பேர், எட்டு மணி நேரத் தூக்கம்: 640 கிராம். நாயைக் கணக்கில் சேர்க்கவில்லை. நாற்பது அடி பஸ்ஸின் உள்ளே சுமார் 40 கன மீட்டர் காற்று இருக்கும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கக்கூடிய நீராவி 17 கிராம் சொச்சம். மொத்தம் 700 கிராமுக்குள் அடங்கிவிடும். அதாவது, எலும்பாய்க் காய்ந்த காற்றோடு கதவைச் சாத்திக்கொண்டு படுத்தால்கூட, விடிவதற்குள் இருவர் மூச்சே பஸ்ஸை ஏறக்குறைய நிரப்பிவிடும். 0 டிகிரியில் இருக்கும் தகட்டை ஒட்டிய காற்றோ கன மீட்டருக்கு 5 கிராம்கூடத் தாங்காது. மிச்சம் எங்கே போகும்? தலையணைக்குத்தான்.

இதில் கேஸ் அடுப்பு வேறு. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒரு லிட்டர் அறுநூறு மில்லி நீர் பிறக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேருவதால் எடை கூடுகிறது. நம் வீட்டு 14.2 கிலோ சிலிண்டர் தீரும்போது சுமார் 22 லிட்டர் நீரை அடுக்களையில் விட்டுவிட்டுத்தான் தீர்கிறது. ஜன்னல் திறந்திருப்பதால் நாம் கவனிப்பதில்லை. பூட்டிய பஸ்ஸுக்குள் குளிர் காய கேஸ் அடுப்பை எரிய விடுகிறவர்கள் வெப்பத்தோடு குடம் குடமாக நீரையும் கொளுத்திக்கொள்கிறார்கள். கார்பன் மோனாக்சைடு ஆபத்து தனி. அதற்கு மழையைவிட மோசமான முடிவு உண்டு.

இனி நட்சத்திரம். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இது. எந்தப் பொருளும் தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வெளியே வீசிக்கொண்டே இருக்கிறது. மேகம் இருந்தால் அதுவும் கீழ்நோக்கி வீசும். கொடுக்கல் வாங்கல் ஓரளவு சமமாகிவிடும். தெளிந்த வானம் வாங்கிக்கொள்ளும், திருப்பித் தருவது குறைவு. அதனால் பஸ்ஸின் கூரைத் தகடு, சுற்றியுள்ள காற்றைவிடவும் சில டிகிரி கீழே இறங்கிவிடுகிறது. நம் ஊரில் மார்கழிக் காலையில் வாசலில் நிற்கும் காரின் கூரை நனைந்திருப்பதும், மரத்தடியில் நிறுத்திய கார் நனையாமல் இருப்பதும் இதனால்தான். பதினெட்டாம் நூற்றாண்டில் அலகாபாத்தில் ஆழமற்ற மண்தட்டுகளில் நீரை இரவு வெளியில் வைத்துப் பனிக்கட்டி எடுத்ததிலும் இதற்குப் பங்கு உண்டு. பஸ்ஸின் கூரைக்கு மேலே வெட்டவெளி. கீழே ஈர மூச்சு. நடுவில் ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் குறைவான எஃகுத் தகடு. கொலராடோ இளைஞனின் கூரையில் துளை தேட வேண்டிய அவசியமே இல்லை.

கூரைக்கு வெள்ளை அடித்தால்? கோடை வெயிலுக்கு நல்லது. இரவில் பலிக்காது. நம் கண்ணுக்குத்தான் அது வெள்ளை. அகச்சிவப்பில் வெள்ளைப் பெயின்ட்டும் மஞ்சள் பெயின்ட்டும் கிட்டத்தட்ட ஒரே கறுப்பு.

"குளிர் வராமல் உள்ளே ஃபோம் அடித்திருக்கிறானே, அப்புறமும் ஏன்?" என்று வாசகர் இன்னொரு வரி எழுதியிருக்கிறார். அங்கேதான் பஸ்ஸின் விலா எலும்புகள் வருகின்றன. 1977 முதல் அமெரிக்க விதி: பள்ளிப் பேருந்தின் கூரை, வண்டியின் காலி எடையைப் போல் ஒன்றரை மடங்கைத் தாங்க வேண்டும், ஐந்தே அரைக்கால் அங்குலத்துக்கு மேல் அமுங்கக் கூடாது. தகடுகள் சேரும் இடத்தின் வலிமைக்கும் தனி விதி உண்டு. உள் தகட்டைப் பிரிக்கிறவர்கள் ஆயிரக்கணக்கான ரிவிட்களோடு மல்லுக்கட்டி ஏன் மணிக்கட்டு வீங்கி உட்கார்கிறார்கள் என்பதற்கு அதுவே காரணம். கவிழ்ந்தாலும் குழந்தைகள் நசுங்காதபடி, ஒரு பக்கத் தரையிலிருந்து மறு பக்கத் தரை வரை விலா எலும்புகள் போல் எஃகு வளைவுகள் வரிசையாக ஓடுகின்றன. உள்ளே இன்னும் ஓரிரு அடி உயரம் வேண்டும் என்று அதே வளைவுகளை அறுத்துக் கூரையைத் தூக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அது வேறு வயிற்றெரிச்சல்.

அந்த வளைவுகள் வெளித்தகட்டையும் உள்பக்கத்தையும் நேராகத் தொடுகின்றன. ஒரு சின்னக் கணக்கு. 70 சென்டிமீட்டருக்கு ஒரு வளைவு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் தொப்பி வடிவம். இரண்டு சுவர்கள், ஒவ்வொன்றும் ஒன்றரை மில்லிமீட்டர். ஆக 700 மில்லிமீட்டரில் எஃகு வெறும் 3 மில்லிமீட்டர், அரை சதவீதம்கூட இல்லை. மீதி எல்லாம் நல்ல ஃபோம். ஆனால் எஃகு, ஃபோமைவிடச் சுமார் 2,000 மடங்கு சுலபமாக வெப்பத்தைக் கடத்தும். பெருக்கிப் பாருங்கள்: அந்த அரை சதவீத எஃகு வழியாக, மீதி 99.5 சதவீத ஃபோம் வழியாகப் போவதைப் போல் எட்டு மடங்குக்கு மேல் வெப்பம் ஓடிவிடும். தகட்டை ஒட்டி நிற்கும் காற்றுப் படலத்தின் தடையைச் சேர்த்தால் இந்த எண் குறையும், அவமானம் குறையாது. கடும் குளிரில் மரப்பலகையை வளைவோடு பிணைத்த ஸ்க்ரூக்களின் தலைகளில் பனி பூத்து, எங்கெங்கே எஃகு ஓடுகிறது என்று புள்ளிக் கோலம் போட்டுக் காட்டும். குழந்தைகளைக் காப்பாற்ற வைத்த எலும்புதான் குடியிருப்பவரை நனைக்கிறது.

மறுபடி இட்லிப் பானை. கொழுக்கட்டை மேல் நீர் சொட்டக் கூடாது என்று மூடிக்கு அடியில் துணி கட்டுகிறவர்கள் உண்டு. பஸ்ஸுக்குள் பதிக்கும் அழகான மரப்பலகைக் கூரை அந்தத் துணிதான். சொட்டுவது நின்றதும் பிரச்சினை தீர்ந்ததாகத் தோன்றும். பாட்டி துணியை அவிழ்த்துப் பிழிந்து காயப் போடுவாள். பலகையை யார் பிழிவது? அதன் பின்னால் பூஞ்சை வளரும். தரையிலும் இதே கதை: ரப்பர் விரிப்பு, அதன் கீழ் பிளைவுட், அதன் கீழ் துரு. அதையெல்லாம் இரண்டு வருடம் கழித்துத்தான் பார்ப்பார்கள்.

இந்தச் சந்தையில் தீர்வு விற்கிறவர்களுக்குக் குறைவில்லை. விண்வெளித் தொழில்நுட்பப் பீங்கான் பெயின்ட், ஒரு பூச்சு பல அங்குல ஃபோமுக்குச் சமம் என்பார்கள். பெயின்ட்டின் வெப்பத் தடுப்புத் திறனை இப்படி ஊதிச் சொன்னதற்காக 2020இல் அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் நான்கு நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டது. அடுத்தது, பளபளக்கும் குமிழித் தாள். அது கதிரைத் திருப்பும் என்பது உண்மை, முன்னால் காற்று இடைவெளி இருந்தால். தகட்டோடு ஒட்டி, இந்தப் பக்கம் பலகையை அழுத்தி ஆணி அடித்துவிட்டால் மிஞ்சுவது குமிழிகளின் தடிமன் மட்டுமே.

பலன் தருவது பார்க்க அசிங்கமான வேலை. வளைவுகளின் முகத்தையும் ஃபோமால் மூட வேண்டும், அல்லது அவற்றின் மேல் மரச்சட்டம் வைத்து, பலகையை அந்தச் சட்டத்தோடு மட்டும் பிணைக்க வேண்டும். ஸ்க்ரூ எஃகைத் தொடக் கூடாது. புகையையும் அதோடு நீராவியையும் குழாய் வழியே வெளியே தள்ளும் டீசல் ஹீட்டரோ விறகு அடுப்போ வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், காற்று.

நம் ஊர்க்காரருக்கு இது நம்ப முடியாததாக இருக்கும்: குளிர்காலத்தில் ஜன்னலைத் திறந்தால் வீடு காய்கிறது. மைனஸ் 5 டிகிரியில் வெளிக்காற்று நிறைய ஈரத்தோடு இருப்பதாகத் தெரிந்தாலும், கன மீட்டருக்கு அதனிடம் மூன்று சொச்சம் கிராம் நீர்தான் உண்டு. உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானதும் அது பாலைவனக் காற்று. பஸ்ஸின் மொத்தக் காற்றையும் ஒரு முறை மாற்றிச் சூடாக்க அரை யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம்கூட வேண்டாம். இட்லி வேகும்போது மூடியைத் திறந்தால் திட்டு விழும். இங்கே திறக்காவிட்டால்தான் திட்ட வேண்டும்.

ஆகவே வாசகருக்கு: சீலன்ட் டப்பாவைக் கீழே வைக்கச் சொல்லுங்கள் உங்கள் மருமகனை. ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்றை வாங்கிக் கட்டிலுக்கு மேலே மாட்டட்டும். சமைக்கும்போது கூரை ஃபேன் ஓடட்டும். ராத்திரி முன்னால் ஒரு ஜன்னல், பின்னால் ஒரு ஜன்னல், இரண்டு விரற்கடை திறந்திருக்கட்டும். குளிருமே என்பான். ஆமாம், கொஞ்சம் குளிரும்.