"மெடிசின் வருமோ?": உயிரியல் படித்த வடமராட்சிப் பிள்ளைக்கு முன்னால் உள்ள வழிகள்

க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வெளியாகும் நாளில் உடுப்பிட்டியில் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் காதில் விழுவது "மெடிசின் வருமோ?" என்ற கேள்விதான். "வராது போல கிடக்கு" என்று பிள்ளை சொன்னால் வீடு செத்தவீடு மாதிரி ஆகிவிடும். மூன்று பாடமும் சித்தியடைந்த பிள்ளை, இரண்டு வருடம் நெல்லியடிக்கு ரியூசனுக்கு ஓடித்திரிந்த பிள்ளை, ஏதோ குற்றம் செய்ததுபோல் ஒரு மூலையில் இருக்கும். இரவு கனடாவிலிருந்து மாமா எடுப்பார். அவரும் அதையேதான் கேட்பார்.

இந்தக் கட்டுரை அந்த வீட்டுக்காக எழுதப்படுகிறது.

முதலில் இசட் புள்ளி. பலர் இதை ஏதோ மர்மம் என்று நினைக்கிறார்கள். ஒரு பாடத்தில் பிள்ளை எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, வருவதை நியம விலகலால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான். விளங்குவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு: இரசாயனவியலில் சராசரி 40, நியம விலகல் 20 என்றால் 75 எடுத்த பிள்ளைக்கு 1.75 வரும். உயிரியலில் சராசரி 55, நியம விலகல் 10 என்றால் அதே 75க்கு 2.0 வரும். மூன்று பாடங்களின் சராசரிதான் பெறுபேற்றுத் தாளில் நிற்கும் எண். 2001 முதல் அனுமதி இந்த எண்ணை வைத்துத்தான் நடக்கிறது. "மூன்று ஏ எடுத்தும் கிடைக்கவில்லையே" என்று ஆத்திரப்படுகிறவர்கள் கவனிக்க வேண்டியது, ஏ என்ற எழுத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பார்ப்பதில்லை, இந்த எண்ணைத்தான் பார்க்கிறது என்பதை.

அந்த எண் எங்கே வெட்டப்படும் என்பது மாவட்டத்தைப் பொறுத்தது. மருத்துவம், உயிரியல் விஞ்ஞானம் போன்ற கற்கைநெறிகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பவும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. இதைக் கேட்டதும் எங்கள் மூத்தவர்களுக்கு 1970களின் தரப்படுத்தல் ஞாபகத்துக்கு வரும். முதலில் மொழிவாரியாகவும் பிறகு மாவட்டவாரியாகவும் புள்ளிகளை வெட்டி, யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் மருத்துவ, பொறியியல் இடங்களைச் சுருக்கிய காலம் அது. இளைஞர்களைத் தெருவுக்கு இறக்கிய காரணங்களில் அதுவும் ஒன்று. அந்தக் காயத்தை நான் சிறிதாக்கவில்லை. ஆனால் இன்றைக்கு முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் இருந்து மருத்துவ பீடத்துக்குப் போகும் பிள்ளைகள் இந்த மாவட்டப் பங்கினால்தான் போகிறார்கள். முள்ளிவாய்க்காலைக் கைக்குழந்தையாகக் கடந்து, ஆய்வுகூடம் என்றால் என்னவென்று தெரியாத பாடசாலையில் படித்த பிள்ளை குறைந்த புள்ளியோடு உள்ளே வந்துவிட்டது என்று வடமராட்சியில் இருந்து முறையிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, மருத்துவம் இல்லையென்றால் என்ன? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974இல் வளாகமாகத் தொடங்கியது. மருத்துவ பீடம் 1978இல் வந்தது. அதே பல்கலைக்கழகத்தில் தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் என மூன்று பட்டப்படிப்புகள் உண்டு. திருநெல்வேலி விஞ்ஞான பீடத்தில் தாவரவியல், விலங்கியல், இரசாயனவியல் படிக்கலாம். பொதுப்பட்டம் 3 வருடம், சிறப்புப்பட்டம் 4 வருடம். கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாய பீடம் இருக்கிறது. சித்த மருத்துவமும் உண்டு. வெளியே போகத் துணிந்தால் பேராதனையில் பல் மருத்துவமும் கால்நடை மருத்துவமும், கொழும்பில் மூலக்கூற்று உயிரியலும் உயிர்இரசாயனமும் இருக்கின்றன. தமிழ்ப் பிள்ளைகள் இவற்றின் பெயரையே பல வேளைகளில் விண்ணப்பம் நிரப்பும் இரவில்தான் முதல்முறை கேள்விப்படுகிறார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "பயோமெடிக்கல் சயன்ஸ்" என்ற பெயரில் விளம்பரங்கள் நிறையக் கண்ணில் படும். இது மனித உடலை, அதன் நோயை, குருதியை, கிருமியை ஆய்வுகூடத்தில் படிக்கும் துறை. நல்ல துறைதான். ஆனால் அதைப் படித்தவர் வைத்தியர் அல்ல. இலங்கை வைத்தியசாலையில் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக வேலை செய்வதற்கும் இலங்கை மருத்துவ சபையில் பதிவு வேண்டும். தனியார் நிறுவனத்தில் பணம் கட்டுமுன் "இந்தப் பட்டத்தை வைத்து எந்தப் பதிவு கிடைக்கும்?" என்று எழுத்தில் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் உறவினரும் அதைக் கேட்க வேண்டும். காணி ஈடு வைத்துக் கட்டிய காசு திரும்பி வராது.

உள்ளே போன பிறகுதான் பெரிய சிக்கல். அது மொழி. பாடசாலையில் பிள்ளை கலம், இழையம், நொதியம், நிறமூர்த்தம், இழைமணி, பிரசாரணம் என்று படித்திருக்கும். விரிவுரை மண்டபத்தில் முதல் நாளே செல், ரிசு, என்சைம், குரோமோசோம், மைற்றோகொன்றியா, ஒஸ்மோசிஸ். பொருள் தெரியும், பெயர் தெரியாது. பரீட்சைத் தாளும் ஆங்கிலத்தில்தான். முதல் வருடத்தில் பிள்ளைகள் பின்தங்குவதற்கு உயிரியல் காரணமல்ல, இதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இதே குடாநாட்டில் 1847இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் எங்கள் பிள்ளைகளுக்கு மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, சத்திரசிகிச்சை, இரசாயனம் எல்லாவற்றுக்கும் தமிழ்ப் புத்தகங்கள் அச்சாகின. உடுப்பிட்டி அமெரிக்கன் மிஷன் கல்லூரியைத் தொடங்கியதும் அதே மிஷன்தான், 1852இல். ஒன்றரை நூற்றாண்டு கழித்து அந்தக் கல்லூரிப் பிள்ளை தமிழில் படித்ததை மறந்துவிட்டு ஆங்கிலத்தில் முதலிலிருந்து தொடங்குகிறது. அதற்காக இன்று தமிழில் மருத்துவப் பட்டம் கேட்க நான் சொல்லவில்லை. உலக ஆய்வு எல்லாம் ஆங்கிலத்தில் வரும்போது அது பிள்ளையைக் கிணற்றுக்குள் இறக்குவதாகும். பெறுபேற்றுக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் இடையில் பல மாதங்கள் சும்மா போகின்றன. அந்த மாதங்களில் உயர்தரப் பாடநூலின் தமிழ்ச் சொல்லுக்கு எதிரே ஆங்கிலச் சொல்லை ஒரு கொப்பியில் எழுதி வரலாம். செலவு ஒரு கொப்பி. பழைய மாணவர் சங்கங்கள் விளையாட்டுப் போட்டிக்கும் மண்டபத்துக்கும் அனுப்பும் காசில் கொஞ்சத்தை இப்படி ஒரு வகுப்புக்கு அனுப்பினாலும் நல்லது.

வேலையைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது. 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாணத்தில் நாட்கணக்காகப் போராட்டத்தில் இருந்தார்கள். பொது விஞ்ஞானப் பட்டத்தை வைத்து ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருப்பவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். ஆய்வுகூடம், மருந்தகம், தாதியம் ஆகிய மூன்றும் அந்த வகையில் பாதுகாப்பானவை, ஏனென்றால் அவை தொழிலோடு சேர்ந்த பட்டங்கள். தந்தையில்லாத, காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு இந்த வித்தியாசம் பெரிது.

ஆனால் விலங்கியல் படித்தால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். டெங்கு நுளம்பு நன்னீரில்தான் முட்டையிடும் என்று எல்லாரும் நம்பியிருந்த காலத்தில், அது கரையோரத்து உவர் கலந்த நீரிலும் வளர்கிறது என்று 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. பாவனையற்ற கிணறுகளிலும் பழைய வள்ளங்களிலும் தேங்கிய நீரைத் தேடிப் பார்த்தவர்களில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறையினரும் இருந்தார்கள். சனம் இடம்பெயர்ந்து போன காணிகளில் அப்படியான கிணறுகள் எத்தனை என்பது வடமராட்சிக் கரையில் நடந்தவர்களுக்குத் தெரியும். 2016 செப்ரெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென்று அறிவிக்கப்பட்டது. அந்த வருட முடிவிலேயே மன்னாரில் புதிய மலேரியா நுளம்பினம் ஒன்று பிடிபட்டது. இவற்றை அடையாளம் காண நுணுக்குக்காட்டியின் முன் இருப்பவர் பெரும்பாலும் வைத்தியர் அல்ல.

கடைசியாக விண்ணப்பம். ஆணைக்குழுவின் கைநூல் தமிழிலும் இருக்கிறது, வாசியுங்கள். கற்கைநெறிகளை வரிசைப்படுத்தும்போது வெட்டுப்புள்ளியை ஊகித்து எழுத வேண்டாம். உண்மையில் எது வேண்டுமோ அதை முதலில், அடுத்ததை அடுத்ததாக எழுதுங்கள். வரிசையில் மேலே உள்ளதில் புள்ளி போதுமானால் அதுதான் கிடைக்கும், போதாவிட்டால் கீழே இறங்கும். மருத்துவத்தை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உயர்தரத்துக்கு மூன்று தடவை தோற்றலாம் என்பது உண்மை. ஆனால் ஒரு பல்கலைக்கழகத்தில் பதிந்த பிறகு மீண்டும் விண்ணப்பிப்பதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. பதியுமுன் வீட்டில் பேசி முடிவெடுங்கள். மாவட்டம் பொதுவாகக் கடைசி மூன்று வருடம் படித்த பாடசாலையைக் கொண்டு தீர்மானிக்கப்படுவதால், வன்னியிலிருந்து வந்து இங்கே படித்த பிள்ளைகள் பாடசாலை விடுகைப் பத்திரங்களை இப்போதே எடுத்து வையுங்கள். பிறப்புச் சான்றிதழ் யுத்தத்தில் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்துக்குப் பெறுபேறு வரும்வரை காத்திராமல் போங்கள்.