பதிமூன்று வெற்றி, மூன்று புள்ளி நஷ்டம்

எந்த விளையாட்டானாலும் புள்ளிப் பட்டியலின் கடைசிக் கட்டத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். வங்கியில் பேரேடு எழுதிய காலத்தில் ஒட்டிக்கொண்ட புத்தி. அமெரிக்கக் கால்பந்தின் 2022 பருவப் பட்டியலில் மினசோட்டா வைகிங்ஸ் அணியின் வரி அப்படித்தான் கண்ணில் பட்டது. 17 ஆட்டம், 13 வெற்றி, 4 தோல்வி. எடுத்த புள்ளி 424, கொடுத்தது 427. என்.எப்.எல். லீக்கில் 13 ஆட்டம் ஜெயித்தும் மொத்தத்தில் நஷ்டக் கணக்கு காட்டிய அணி அதற்கு முன் இருந்ததில்லை.

கூட்டிப் பார்த்தேன். பதிமூன்று வெற்றிகளின் வித்தியாசம் எல்லாம் சேர்ந்து 86 புள்ளி. நாலே நாலு தோல்விகளின் வித்தியாசம் 89. ஜெயித்தால் மயிரிழையில், தோற்றால் மண்ணைக் கவ்வி.

பெயரில்தான் இது கால்பந்து. பந்தைக் கையால் எறிந்தும் இடுக்கிக்கொண்டு ஓடியும் ஆடுவார்கள். நாலு முயற்சிக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும், இல்லையேல் பந்து எதிரணிக்குப் போய்விடும். எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோனால் டச் டவுன், 6 புள்ளி. அதையொட்டிய கூடுதல் வாய்ப்பில் ஒன்றோ இரண்டோ கிடைக்கும். கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் 3. ஆக, ஒரே வீச்சில் அதிகபட்சம் 8 புள்ளிதான். அதற்குள் முடிகிற ஆட்டம் எந்தப் பக்கமும் சாய்ந்திருக்கலாம். வைகிங்ஸ் அந்தப் பருவத்தில் அப்படிப்பட்ட 11 ஆட்டம் ஆடியது. பதினொன்றிலும் ஜெயித்தது.

எப்படி ஜெயித்தது என்பதுதான் கதை. லண்டனில் நியூ ஆர்லியன்ஸ் அணியோடு ஆடியபோது, எதிரணிக்காரர் கடைசி நொடியில் 61 கெஜத்திலிருந்து உதைத்த பந்து கம்பத்தில் பட்டு, குறுக்குச் சட்டத்திலும் பட்டு, வெளியே விழுந்தது. நவம்பர் 13 அன்று பஃபலோவில் நாலாவது முயற்சி, 18 கெஜம் வேண்டும். வைகிங்ஸின் ஜஸ்டின் ஜெஃபர்சன் மல்லாந்து விழுந்தபடி, எதிராளியும் பிடித்திருந்த பந்தை ஒற்றைக் கையால் பறித்தார். அது திறமை, சந்தேகமே இல்லை. ஆனால் சற்று நேரத்தில் நடந்தது வேறு. முன்னிலையில் இருந்த பஃபலோ தன் கோட்டோரத்தில் பந்தைப் பத்திரமாகப் பிடித்திருந்தாலே போதும். அந்த அணியின் ஜாஷ் ஆலன் தன் கைக்கு வந்த பந்தை நழுவவிட்டார். வைகிங்ஸ் வீரர் அதன்மேல் விழ, டச் டவுன். கூடுதல் நேரத்தில் 33-30.

ஏழே நாளில், சொந்த ஊரில், டாலஸ் கௌபாய்ஸிடம் 40-3. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் கிர்க் கசின்ஸை ஏழு முறை மண்ணில் சாய்த்தார்கள். ஒளிபரப்பிய தொலைக்காட்சியே பாதியில் பெரும்பாலான ஊர்களுக்கு வேறு ஆட்டத்தைக் காட்டத் தொடங்கிவிட்டது.

டிசம்பர் 17 அன்று இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸுக்கு எதிராக இடைவேளையில் 0-33. முடிவில் 39-36 என்று வெற்றி! லீக் வரலாற்றிலேயே மிகப் பெரிய மீட்சி. முந்தைய சாதனை, 1993 ஜனவரியில் பஃபலோ மீண்டுவந்த 32 புள்ளி. இந்த டிசம்பர் ஆட்டத்தில் கோல்ட்ஸுக்கு ஆடிய குவார்ட்டர்பேக் மேட் ரையன். லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில், 2017இல், 28-3 முன்னிலையைக் கோட்டைவிட்ட அட்லாண்டா அணியிலும் அவரே. அந்த மனுஷனை நினைத்தால் எனக்கு இன்னும் பாவமாக இருக்கிறது.

பயிற்சியாளர் கெவின் ஓ'கானலுக்கு அது முதல் ஆண்டு. அணிக்குள் அவர் ஊட்டிய நம்பிக்கைதான் காரணம் என்று ரசிகர்கள் கொண்டாடினார்கள். நாலு சூப்பர் பவுல் ஆடி நாலிலும் தோற்ற அணி அது, அவர்கள் மகிழ்ந்ததைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அணியின் தடுப்பாட்டம் ஓட்டைப் பானை. 1,809 கெஜம் குவித்த ஜெஃபர்சன் முன்னால் நின்று அதை மறைத்தார். நாக் அவுட்டின் முதல் ஆட்டத்திலேயே, மூன்று வாரம் முன்பு 61 கெஜ உதையால் தாங்கள் வீழ்த்திய அதே நியூயார்க் ஜயன்ட்ஸிடம் 31-24 என்று தோற்றார்கள். கடைசி முயற்சிக்கு 8 கெஜம் வேண்டும். நெருக்குதலில் கசின்ஸ் எறிந்த பந்தைப் பிடித்தவருக்குக் கிடைத்தது 3 கெஜம். தடுப்பாட்டப் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நெருக்கடியில் ஜெயிக்கும் மந்திரம் தெரிந்திருந்தால் அது மறு வருஷமும் பலித்திருக்க வேண்டும். 2023இல் அதே தலைமைப் பயிற்சியாளர், அதே கசின்ஸ், அதே ஜெஃபர்சன். முதல் ஐந்து ஆட்டங்களில் நாலு தோல்வி, வித்தியாசம் முறையே 3, 6, 4, 7 புள்ளி. பின்னால் கசின்ஸுக்குக் குதிகால் தசைநாணும் அறுந்தது. 7 வெற்றி, 10 தோல்வியோடு அந்தப் பருவம் முடிந்தது.