எக்கோ ரிப்போர்ட்டில் இருக்கும் அந்த ஒரு எண்

வீட்டில் யாருக்காவது எக்கோ எடுத்திருந்தா, அந்த ரிப்போர்ட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்க. ‘இ.எஃப்.’ என்று ஒரு எண் சதவீதத்தில் இருக்கும். இதயத்தின் இடது கீழறையில் நிரம்பிய ரத்தத்தில், ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதம் வெளியே போகுதுங்கிறதுதான் அது. அந்த எண் எப்படி வருதுன்னு இன்னைக்குப் பார்ப்போம்.

ரத்தத்தை யாரும் நேரடியா அளக்கிறதில்லை. அறை முழுசா விரிஞ்சப்போ ஒரு படம், நல்லா சுருங்கினப்போ ஒரு படம். இரண்டிலும் உட்சுவரை ஒட்டி ஒரு கோடு வரைவாங்க. கோட்டுக்குள் இருக்கும் இடத்தை, அடுக்கி வைத்த தட்டுகள் மாதிரி மெல்லிய வட்டுகளாகப் பிரித்து, கொள்ளளவைக் கணக்குப் போடுவாங்க. அதனால, கோடு நகர்ந்தா எண்ணும் நகரும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். விரிந்தபோது 150 மில்லி, சுருங்கியபோது 100 மில்லி என்றால், இ.எஃப். 33. சுருங்கின படத்தில் கோடு கொஞ்சம் உள்ளே தள்ளிப் போய் 95 மில்லி ஆயிட்டா, 37. இதயத்துடிப்பு திடீரென்று தாறுமாறாகப் போனால் ஷாக் கொடுத்துக் காப்பாற்றும் ஐ.சி.டி. கருவியைப் பொருத்தலாமா என்று யோசிக்கும்போது, மருத்துவர்கள் முக்கியமாகப் பார்க்கும் எல்லை 35. வித்தியாசம் 5 மில்லி, அதாவது ஒரு டீஸ்பூன்!

சரி, கோட்டைச் சரியா போட்டுட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். திசுவுக்குள் சிதறும் ஒலி அலைகள் ஒன்றோடொன்று கலப்பதால், படம் முழுக்க புள்ளி புள்ளியா இருக்கும். சுவர் ஒலிக்கற்றைக்குக் குறுக்கே இருந்தால் எதிரொலி பளிச்சுனு திரும்பி வரும். கற்றை போகும் திசையிலேயே சுவரும் இருந்தால், அந்த இடத்தில் சுவரே காணாமப் போயிடும். போதாததுக்கு, உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் தசைகளைச் சுவர்னு நினைச்சு ஏமாறவும் வாய்ப்பு உண்டு.

இதைக் கணினியிடம் கொடுக்கும் முயற்சியில் முதலில் பிரபலமானது, 1980-களின் கடைசியில் வந்த ‘ஸ்னேக்’ முறை. ரப்பர் பேண்ட் மாதிரி ஒரு வளைவு, படத்தில் வெளிச்சம் சட்டென்று மாறும் இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். சுவர் மறைந்த இடத்தில் மட்டும் அது வழி தவறிடும். இப்போ டீப் லேர்னிங். 2020-ல் ஸ்டான்ஃபோர்ட் குழு வெளியிட்ட எக்கோநெட், 10,000-க்கும் அதிகமான எக்கோ வீடியோக்களை வைத்து உருவானது. ஆனால் அதற்கும் சுவர் எதுன்னு காட்டிக் கொடுத்தது மனிதர்கள் வரைந்த கோடுகள்தான். ஒரே படத்தில் இரண்டு நிபுணர்கள் வரையும் கோடுகளே அச்சு அசலா ஒண்ணா இருக்காது.

அனுபவசாலிகள் ஒரு படத்தை மட்டும் நிறுத்தி வைத்துப் பார்க்க மாட்டாங்க. வீடியோவை முன்னும் பின்னும் ஓட்டுவாங்க. நின்ற படத்தில் மறைந்த சுவர், அசையும்போது கண்ணுக்குப் பிடிபடும். அப்பவும் தெரியலைன்னா, நுண்குமிழிகள் உள்ள கான்ட்ராஸ்ட் மருந்தை நரம்பில் செலுத்தி, அறையைப் பளிச்சுனு ஆக்குவாங்க.

அதனால போன வருஷம் 60, இந்த வருஷம் 57 என்று ரிப்போர்ட் வந்தா, உடனே பதறாதீங்க. இதயம் மாறாமல், கோடு மட்டும் மாறியிருக்கலாம். எண் ஒரு எல்லைக்குப் பக்கத்தில் இருந்தா, “படம் தெளிவா இருந்துச்சா டாக்டர்? பழைய படத்தோட ஒப்பிட்டுப் பார்த்தீங்களா?” என்று தயங்காமல் கேளுங்க.