நடுங்கும் வண்டியின் நாடி

தமிழ் கற்பிக்கும் ஒருவன் மோட்டார் வண்டியின் நடுக்கத்தைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பைத் தரலாம். ஆயினும், கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் எனத் தொடரும் நம் கரையோர ஊர்களில் நான்கு சில்லுகளும் இயங்கும் வண்டி செல்வர்தம் விளையாட்டுப் பொருள் அன்று. மேற்கே வயற்சேற்றிலும் கிழக்கே கடற்கரை மணலிலும் நெல்லும் வலையும் சுமந்து பல குடும்பங்களுக்குச் சோறிடும் உழைப்பாளி அது. 2020ஆம் ஆண்டு தொடக்கம் சில ஆண்டுகள் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தமையால், பழைய வண்டிகளையே திருத்தித் திருத்தி ஓட்டவேண்டிய நிலையும் உண்டாயிற்று.

இத்தகைய வண்டிகளைப் பற்றும் பொல்லாத நோய் ஒன்றுண்டு. குறித்த ஒரு வேகத்தை எட்டியதும் அடித்தட்டு அதிரத் தொடங்கும். ரயரை மாற்றினாலும் நில்லாது. மூட்டை மாற்றினாலும் நில்லாது. புதிய உறுப்புக்கள் ஒவ்வொன்றாக ஏற, உரியவர் கைப்பணம் ஒவ்வொன்றாக இறங்கும். எல்லா உறுப்பும் நல்லனவாக இருந்தும் வண்டி ஏன் நடுங்குகிறது? இவ்வினாவையே இங்கு ஆராய்வோம்.

எஞ்சினின் ஆற்றல் கியர்ப்பெட்டி வழியாக ‘டிரான்ஸ்பர் கேஸ்’ என்னும் பகிர்வுப் பெட்டியை அடைகின்றது. அங்கிருந்து ஒரு நெடுந்தண்டு பின் அச்சுக்கும், மற்றொன்று முன் அச்சுக்கும் செல்கின்றன. ‘புரொப்பெல்லர் ஷாஃப்ட்’ எனப்படுபவை இவையே. பள்ளத்திலும் மேட்டிலும் அச்சு ஏறி இறங்குமாதலின், தண்டு சாய்ந்தும் சுழல வேண்டும். அதற்காக அதன் இரு முனைகளிலும் இரு கவைகளைச் சிலுவை வடிவான துண்டொன்றால் இணைத்த மூட்டுக்கள் உள. ‘யூனிவர்சல் ஜொயின்ட்’ என்பது அதன் பெயர். இத்தாலிய அறிஞர் கார்டானோ (1501–1576), ஆங்கில அறிஞர் ராபர்ட் ஹூக் (1635–1703) ஆகிய இருவர் பெயராலும் அது வழங்கப்படும்.

இம்மூட்டுக்கு இயல்பாகவே ஒரு குறை உண்டு. நேராக நிற்கும்போது பெற்ற வேகத்தை அது அப்படியே கொடுக்கும்; சாய்ந்து நின்றாலோ ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து இருமுறை தளரும். சாய்வு 10 பாகையாயின் ஏற்றத்தாழ்வு இருபுறமும் ஏறத்தாழ நூற்றுக்கு 1.5; 20 பாகையாயின் நூற்றுக்கு 6. கோணம் இரட்டித்தால் குறை நான்கு மடங்காகின்றது. வகுப்பறையில் ‘கோசைன்’ எதற்கு உதவும் என வினவும் மாணவர், இக்கணக்கு அதனாலேயே பிறந்ததென அறிக.

இக்குறையை நீக்கும் உபாயம் மிக அழகியது. முதல் மூட்டுச் செய்த ஏற்றத்தாழ்வை இரண்டாம் மூட்டு எதிர்செய்து அழித்துவிடும். ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனைகள் உள: இரு மூட்டுக்களின் சாய்வும் சமமாதல் வேண்டும், தண்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் அமைதல் வேண்டும். வெண்பாவில் சீர்கள் யாவும் தனித்தனியே குற்றமற்றனவாக இருந்தும், ஒரு சீருக்கும் அடுத்த சீருக்கும் இடையே தளை தட்டினால் பாட்டுக் கெடுவதை நாம் அறிவோம். வண்டியின் நிலையும் அதுவே. பிழை உறுப்பில் இல்லை. உறுப்புக்களின் பொருத்தத்தில் உள்ளது. சீரை மாற்றித் தளையைத் திருத்தாதவன் பாட்டைத் திருத்தியவன் ஆகான்.

பொருத்தம் கெடுவது எங்ஙனம்? தண்டின் நடுவே ஒன்றனுள் ஒன்று வழுக்கிச் செல்லும் பல்வெட்டுப் பகுதி உண்டு. கிறீஸ் இடுவதற்கோ மூட்டு மாற்றுவதற்கோ அதனைக் கழற்றி, ஒரு பல் தள்ளி மீண்டும் செருகினால், கவைகள் ஒரே தளத்தினின்று விலகிவிடும். செங்கோணமாக விலகின் குறை அழியாது இரட்டிக்கும். பல தண்டுகளில் இதற்கென அம்புக்குறி பொறிக்கப்பட்டிருக்கும். இல்லையேல் கழற்றுமுன் நாமே குறியிடல் வேண்டும். இனி, மாரிவெள்ளத்தைக் கடக்க வண்டியை உயர்த்துவதும், பாரம் தாங்க வில்தகடுகளைக் கூட்டுவதும் மூட்டுக்களின் சாய்வை மாற்றிவிடுகின்றன. ‘வில் கட்டிய பின்னரே நடுக்கம் வந்தது’ என்று உரியவர் கூறுவாராயின், அச்சொல்லைச் செவிமடுத்தல் வேண்டும். ஒரு முனையில் இரட்டை மூட்டு அமைந்த தண்டுகளும், வேண்டுமென்றே கவைகளை விலக்கி அமைத்த தண்டுகளும் சில வண்டிகளில் உள. அவற்றுக்கு அவ்வவ் வண்டியின் கைநூலே அளவுகோல்.

எனினும், நடுக்கமெல்லாம் தண்டின் குற்றமே என முடிவுகட்டுவதும் பிழை. ஸ்பனரை எடுக்குமுன் செய்யத்தக்க சோதனைகள் சில உள.

முதலாவது, வண்டியை நிறுத்தி எஞ்சினை மட்டும் விரைவுபடுத்துக. அப்போதும் நடுங்கினால் நோய் எஞ்சினிலோ அதன் தாங்கிகளிலோ கிளச்சிலோ உள்ளது. இரண்டாவது, அதே வேகத்தில் வேறு கியரில் ஓட்டிப் பார்க்க. எஞ்சினின் சுழற்சி மாறியும் நடுக்கம் மாறாதாயின், குற்றம் கியர்ப்பெட்டிக்கு அப்பால் உள்ளது. மூன்றாவது, நான்கு சில்லையும் இயக்கும் நெம்புகோலை நோக்குக. வளைவில் முன்சில்லுகள் பின்சில்லுகளைவிட நெடுந்தூரம் ஓடுகின்றன. மணலில் அவை சறுக்கி அவ்வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும். தார் வீதியில் அது இயலாது. நடுவில் டிபரென்ஷியல் இல்லாத வண்டி கடற்கரை மணலை விட்டுத் தார் வீதிக்கு ஏறிய பின்னும் நெம்புகோலை மீட்காதிருந்தால், வளைவுதோறும் உதறும். இது நோயன்று, மறதி. நான்காவது, சில்லின் உட்புறத்தைக் காண்க. வயற்சேறு ஒருபக்கமாக ஒட்டிக் காய்ந்திருப்பின், வாளி நீரே மருந்து.

அடுத்து, நாடி பார்ப்பதுபோல நடுக்கத்தை எண்ணல் வேண்டும். சில்லின் விட்டம் 70 சென்ரிமீற்றர் எனக் கொள்வோம். அதன் சுற்றளவு ஏறத்தாழ 2.2 மீற்றர். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் அது செக்கனுக்கு 7 அல்லது 8 முறை சுழலும். அச்சின் பல்விகிதம் 4.1 ஆயின் தண்டு ஏறத்தாழ 31 முறை சுழலும். ஆகவே, செக்கனுக்கு ஏழெட்டு முறை உடலைக் குலுக்குவது சில்லின் குற்றம். 31 முறை அதிர்வது தண்டின் சமநிலைக் குற்றம். தண்டில் நசுங்கலோ, எடைத்துண்டு கழன்ற அடையாளமோ, ஒட்டிய சேறோ உண்டா எனத் தேடுக. 62 முறை, காதுக்கு ரீங்காரமாகவே கேட்பது, மூட்டின் சாய்வாலோ கவைகளின் விலகலாலோ பிறப்பது. இன்று கைத்தொலைபேசியிலுள்ள அதிர்வளக்கும் செயலியும் இவ்வெண்ணைக் காட்டவல்லது. மூட்டின் குல்லாவைச் சுற்றித் துருநிறப் பொடி படிந்திருப்பின், உள்ளே கிறீஸ் வற்றி உப்புக்காற்று வேலைசெய்துவிட்டது என்க.

இன்னும் ஐயம் நீங்காதாயின், முன்தண்டைக் கழற்றிப் பின்சில்லுகளால் மட்டும் ஓட்டிப் பார்க்கலாம். நடுக்கம் ஒழிந்தால் குற்றவாளி வெளிப்பட்டுவிட்டான். முன்சில்லின் குடத்தில் பூட்டுள்ள வண்டியில், பூட்டை விடுவித்து இரு சில்லு இயக்கத்தில் ஓட்டினாலே முன்தண்டு சுழலாது நிற்கும், கழற்றவும் வேண்டா. பின்தண்டைக் கழற்றுவோர் ஒன்றை மறவாதிருக்க. 1948ஆம் ஆண்டு அறிமுகமான லாண்ட் ரோவரின் பழைய வகைகளில் கைத்தடை சில்லில் இல்லை; பகிர்வுப் பெட்டியின் பின்வாயிலில் இருந்து பின்தண்டு வழியாகவே சில்லைப் பிடிக்கின்றது. அத்தண்டு கழன்றால் கைத்தடையை எவ்வளவு இழுத்தாலும் வண்டி உருளும். சில்லுக்குக் கட்டை கொடாமல் அதன்கீழ் ஒருவரும் புகுதல் ஆகாது.

நடுக்கத்தைப் பழகிப்போன ஒன்றாகப் பொறுத்துக்கொள்வதும் தகாது. தேய்ந்த மூட்டு ஒருநாள் முறியும். முறிந்த தண்டு சுழன்றபடியே பிரேக் குழாயை அறுக்கலாம். முன்முனை கழன்று வீதியில் ஊன்றினால் வண்டியையே தூக்கி எறியலாம். அவ்வண்டியில் நெல்மூட்டை மட்டுமா இருக்கும்? வயலுக்குச் சென்று திரும்பும் தந்தையும், பாடசாலை விட்டு வரும் பிள்ளைகளும் இருப்பர்.

நம் பழைய மாணவருள் கராஜ் நடத்துவோரும் உளர். கணிதம் கற்பிப்போரும் உளர். முன்னவர் கையில் இருப்பதும் பின்னவர் கரும்பலகையில் இருப்பதும் ஒரே அறிவு. மாற்றுவதற்கு முன் எண்ணுக. கழற்றுவதற்கு முன் குறியிடுக. உறுப்பைக் குறைகூறுமுன் பொருத்தத்தை நோக்குக. இம்மூன்றையும் இளைய மாணவர் கைக்கொள்வாராயின், கரையோர ஊர்களில் பல வண்டிகளின் நடுக்கம் தீரும். பல குடும்பங்களின் வீண்செலவும் குறையும். விழாக்காணும் நம் கல்லூரி அத்தகைய அறிவைப் பல்லாண்டு வளர்ப்பதாக.