ஏட்டுக்கும் ஒரு மண்டகப்படி

மேற்கு மலையில் தோன்றி இறங்கும் மணிமுத்தாறு, பொருநையோடு கலந்து நெல்லைச் சீமையை வாழ்விக்கிறது. இத்தகைய புண்ணிய நதிகளில், பூஜை அறையில் சிதைந்துபோன ஏடுகளையும் நூல்களையும் விட்டுவிடும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. கலைமகளின் வடிவம் காலில் படலாகாது என்னும் பக்தியே அதற்குக் காரணம். ஆயினும், அந்தப் பக்தியால் நாம் இழந்த செல்வம் பெரிது.

சங்கரன்கோவிலை அடுத்த கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பாண்டியர் சேர்த்த ஏடுகள் இருப்பதாகக் கேள்வியுற்று, டாக்டர் உ.வே.சாமிநாதையர் அங்கே சென்றார். பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடலாகாது என்று கருதி, அவற்றை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாக விடை கிடைத்தது. ஐயரவர்கள் நெஞ்சம் துடித்தார்.

இதே பொருநைக் கரையில் ஆழ்வார்திருநகரியில் நிகழ்ந்ததோ வேறு. தேடி அலைந்து சோர்ந்திருந்த ஐயரவர்கள், வீதியுலா எழுந்தருளிய நம்மாழ்வாரை மனமுருக வேண்டினார். அன்றிரவே பத்துப்பாட்டுச் சுவடி அவர் கைக்கு வந்தது. 1889-இல் பத்துப்பாட்டு அச்சேறியது. ஓர் இல்லத்தார் ஏட்டைப் போற்றி வைத்திருந்ததால் விளைந்த பயன் அது.

ஏட்டைக் காப்பதும் வித்யாதானமே. திருவிழாவில் ஒரு நாள் மண்டகப்படியை ஒரு குடும்பம் ஏற்பதுபோல், ஒரு சுவடிக் கட்டைச் செப்பனிடும் செலவை ஒரு குடும்பம் ஏற்கலாம். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் அன்பர்கள் ஒரு நூலைத் தத்தெடுத்து, அதன் பராமரிப்புக்குப் பொருள் உதவியதுண்டு.

செப்பனிடும் பணி பொறுமை மிக்கது. மென்மையான தூரிகையால் தூசி நீக்கி, எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவினால் ஓலை துவளும் தன்மை பெறும், பூச்சியும் அண்டாது. விளக்குக் கரி பூசித் துடைத்தால் மங்கிய எழுத்துகள் தெளிவுறும். பின்னர் மரச்சட்டங்களுக்கு இடையே வைத்துத் துணியில் பொதிவார்கள். வண்ண ஓவியம் தீட்டிய சுவடிகளுக்கு இம்முறை ஆகாது. எண்ணெய் பட்டால் வண்ணம் கெடக்கூடும். தேர்ந்த வல்லுநரின் கைகளே அவற்றைத் தீண்ட வேண்டும், செலவும் மிகுதி. அன்பர்களின் உதவி அங்கேதான் மிகவும் தேவை.

சென்னையில் 1943-இல் தோன்றிய உ.வே.சா. நூலகம், அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சை சரசுவதி மகால் ஆகியவை சுவடிகளைக் காத்துவரும் நிலையங்கள். பொருள் உதவ விரும்புவோர், எந்தச் சுவடிக்கு என்ன தேவை என்று அங்கே கேட்டறிந்து உதவலாம். இல்லத்தில் ஏடு இருந்தால், நாமே எண்ணெயோ பசையோ தடவாமல் அவர்களிடம் காட்டுவது நன்று.

அடுத்த முறை ஆற்றுக்குப் புறப்படுமுன் பரண் மேலுள்ள கட்டை ஒருமுறை அவிழ்த்துப் பாருங்கள். நீரும் நெருப்பும் கொள்ளாத ஏடு, நம் பேரக் குழந்தைகளுக்கு நாம் விட்டுச்செல்லும் பிரசாதம்.