நம்ம வண்டி நிக்குமா, நேரா போகுமா?



நம் கூட்டமைப்பில் சில குழுக்கள் தொழில் கடன் எடுத்துப் பழைய வேன், கார் வாங்கி ஓட்டி வருகிறோம். காய்கறி ஏற்றவும், சமையல் ஆர்டருக்குப் பாத்திரம் கொண்டுபோகவும் அந்த வண்டிதான் நமக்குச் சோறு போடுகிறது. ஆனால் வண்டியில் கோளாறு என்றால் மட்டும், "அதெல்லாம் டிரைவர் பாத்துக்குவார்" என்று ஒதுங்கிவிடுகிறோம்.

எங்கள் குழுவும் அப்படித்தான் இருந்தது. ஒருநாள் சந்தை முடிந்து திரும்பும்போது, பாலத்து இறக்கத்தில் பிரேக் பெடல் தரை வரைக்கும் இறங்கிவிட்டது. பிரேக் அரைகுறையாகத்தான் பிடித்தது. ஓட்டியவர் பதறாமல் கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ரோட்டோர மண்ணில் நிறுத்தினார். யாருக்கும் அடி இல்லை. தக்காளிக் கூடைகள்தான் கவிழ்ந்தன.

வீட்டுக்கு வந்து வரவு செலவு நோட்டைப் புரட்டினோம். ஆறு வாரத்தில் மூன்று முறை "பிரேக் ஆயில்" என்று செலவு எழுதியிருந்தோம். பைசா சுத்தமாக எழுதியிருந்தோம். ஆனால் ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை! பிரேக் ஆயில் டீசல் மாதிரி எரிந்து தீரும் பொருள் அல்ல. பேட் தேயத் தேய மட்டம் சிறிது இறங்கும், அவ்வளவுதான். அடிக்கடி ஊற்ற வேண்டியிருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். எங்கள் வண்டியில் பின் சக்கரத்து வீல் சிலிண்டர் கசிந்திருந்தது.

அதற்குப் பிறகு மெக்கானிக் அண்ணனிடம் கேட்டுக் கேட்டு நாங்கள் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம். ரிப்பேர் செய்வது அவர் வேலை. கோளாறு எங்கே என்று சொல்லத் தெரிவது நம் வேலை.

பெடல் என்ன சொல்கிறது?

இன்ஜினை நிறுத்திவிட்டு பிரேக்கை ஐந்தாறு முறை மிதியுங்கள். பிறகு அழுத்தி மிதித்தபடி அரை நிமிடம் காலை எடுக்காமல் இருங்கள்.

* பெடல் மெதுவாகக் கீழே இறங்கினால் வெளியே கசிவு இருக்கலாம். வெளியே ஈரமே இல்லை, ஆனாலும் இறங்குகிறது என்றால் மாஸ்டர் சிலிண்டர் உள்ளே ரப்பர் தேய்ந்திருக்கும்.
* பஞ்சு மாதிரி அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கும். ஏர் எடுக்க வேண்டும்.
* முதல் மிதியில் ஆழமாகப் போய், இரண்டு மூன்று மிதித்ததும் மேலே வந்தால் பின் சக்கர பிரேக் ஷூ தேய்ந்திருக்கலாம், அட்ஜஸ்ட் செய்ய வேண்டியிருக்கலாம். காற்று இருந்தாலும் இப்படி வரும்.
* பூஸ்டர் உள்ள வண்டி என்றால், மிதித்த காலை எடுக்காமலே இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சிறிது இறங்க வேண்டும். இறங்காமல் கல் மாதிரி இருந்தால் பூஸ்டரையோ அதன் குழாயையோ பார்க்கச் சொல்லுங்கள்.

நாலு சக்கரத்தின் உள்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் வண்டியை எடுக்கவே கூடாது. இன்னொன்று: பிரேக் ஆயில் டப்பாவில் இன்ஜின் ஆயிலைச் சொட்டுகூட ஊற்றக் கூடாது. ரப்பர் எல்லாம் உப்பிக் கெட்டுவிடும். மூடியில் என்ன வகை போட்டிருக்கிறதோ அதைத்தான் ஊற்ற வேண்டும். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். எனவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுவது நல்லது.

வண்டி ஒரு பக்கமா இழுக்குதா?

எப்போது இழுக்கிறது என்று கவனியுங்கள். சும்மா போகும்போதே இழுத்தால் முதலில் டயர் காற்றைப் பாருங்கள். காற்று சரியாக இருந்தால் முன் டயர் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் கோளாறு டயரில். மாறாவிட்டால் அலைன்மெண்ட் பார்க்க வேண்டும்.

பிரேக் போடும்போது மட்டும் இழுத்தால் அது பிரேக் கோளாறு. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வண்டி இடதுபக்கம் இழுத்தால் இடது பிரேக்தான் கெட்டது என்று நினைத்துவிடுவோம். அப்படி இல்லை. அதிகமாகப் பிடிக்கும் பக்கம்தான் வண்டி இழுக்கும். வலது பிரேக் பிடிக்காமல் இருந்தாலும் இடதுபக்கம்தான் போகும். அதனால் இரண்டு பக்கமும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பேட், ஷூ எதை மாற்றினாலும் ஜோடியாகவே மாற்ற வேண்டும்.

ஸ்டியரிங் நடுங்குதா, ஆடுதா?

குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் நடுங்கினால் வீல் பேலன்சிங் செய்தால் பெரும்பாலும் சரியாகும். பிரேக் போட்டால் மட்டும் நடுங்கி, பெடலும் காலில் துடித்தால் டிஸ்க் சீராகத் தேயவில்லை.

பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய வண்டியில், சக்கரத்தை நேராக வைத்து ஸ்டியரிங்கை மெல்ல இடமும் வலமும் அசையுங்கள். இன்னொருவர் கீழே டயரைப் பார்க்கட்டும். ஸ்டியரிங் இரண்டு விரல் அளவுக்கு மேல் நகர்ந்தும் டயர் அசையவில்லை என்றால் எங்கோ தேய்மானம் இருக்கிறது.

எங்கே என்று ஒர்க்‌ஷாப்பில் கண்டுபிடிக்கலாம். ஜாக்கியோடு ஸ்டாண்டும் போட்டு, மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். தூக்கிய டயரை இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் லொடலொட என்று ஆடுகிறதா? டை ராடு எண்ட் தேய்ந்திருக்கலாம். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆடுகிறதா? ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட். இதைத் தள்ளிப்போடாதீர்கள். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரமே சாய்ந்துவிடும்.

இனி நாம் செய்ய வேண்டியது

"எஃப்.சி. வாங்கிட்டோமே, அப்புறம் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். அது அன்றைக்கு வண்டி இருந்த நிலைக்குச் சான்று. இன்றைய நிலையை நாம்தான் பார்க்க வேண்டும். எங்கள் குழுவில் இப்போது வண்டிக்குத் தனி நோட்டு வைத்திருக்கிறோம். வாரக் கூட்டத்தன்று சேமிப்பு எழுதும்போதே ஆயில் மட்டம், டயர் காற்று, பெடல் மூன்றையும் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். எந்தச் சாமான் மாற்றினாலும் பழைய சாமானைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறோம். "எதுக்கும்மா உங்களுக்கு?" என்று முதலில் சிரித்தவர்கள், இப்போது கேட்காமலே எடுத்துக் காட்டுகிறார்கள்.

பழைய வண்டி வாங்கப் போகும் குழுக்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இந்தச் சோதனைகளைச் செய்து பாருங்கள். கடனைத் தவணையில் அடைத்துவிடலாம் சகோதரிகளே. போன உயிரை எந்தத் தவணையிலும் மீட்க முடியாது.